அன்றைய கடைசிக் குழந்தை

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுதப் போவதில்லை. நேற்று நேரிலேயே பார்த்தேன், நலமாகத்தான் இருந்தீர்கள். காலில் புதுச் செருப்பு வேறு.

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி நடையில், ஆபரேஷன் அறைக்கு வெளியே, நானும் இவரும் உட்கார்ந்திருந்தோம். வாலு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நீங்கள் கையில் ஃபைலோடு எங்களைத் தாண்டிப் போனீர்கள். "அத்தை" என்று கூப்பிட்டாள். காதில் விழவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நடை ஒரு நொடி தடுமாறியதை நான் பார்த்தேன். அப்புறம் கண்டும் காணாத மாதிரி போய்விட்டீர்கள். "அத்தைக்கு என்னைத் தெரியலையாம்மா?" என்று கேட்டாள். "வேலையா இருக்காங்கடி" என்றேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

காலையிலிருந்து அவளுக்கு வெறும் வயிறு. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் எதுவும் தரக் கூடாதாம். "தண்ணியாவது குடுக்கச் சொல்லேன்" என்று கெஞ்சினாள். மற்றக் குழந்தைகளை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப் போனார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு நர்ஸ் வந்து, "இன்னிக்கு முடியாதுங்க, முன்னாடி இருந்த கேஸ் இழுத்துடுச்சு. வேற தேதி சொல்லுவாங்க" என்றாள். வேறு தேதி சொல்வது யார் அண்ணி? அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி போடுகிற மேஜையில் பத்து வருஷமாக உட்கார்ந்திருப்பது என் அண்ணன் பெண்டாட்டிதானே?

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தாள். அவள் பையன் எங்களுக்குப் பின்னால் பதிவு செய்தவன். அவனுக்கு முடிந்துவிட்டது. "உங்களுக்குத்தான் உள்ள ஆள் இருக்குன்னு சொன்னீங்களே" என்று என்னையே கேட்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். வாலுவின் இதயத்தில் இருக்கிற ஓட்டையைச் சீக்கிரம் மூட வேண்டும். தள்ளிப் போனால் நுரையீரலில் அழுத்தம் ஏறிவிடும். ஒரு அளவுக்கு மேல் ஏறிவிட்டால் அப்புறம் மூடவே முடியாது. இது தெரிந்தும் எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள்?

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் எடுத்தால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 18

சின்னவளுக்கு,

செருப்பு புதிதில்லை. பழையதற்குப் புது வார் போட்டது.

குழந்தை கூப்பிட்டது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் உன்னோடு நான் பேச முடியாது. ஏன் என்று இப்போது கேட்காதே.

வேறு தேதி வரும். அதற்குள் அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். சளி இருந்தால் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். வரும்போது என்னைத் தேடாதே, தேதி சொல்கிற ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்க்காதே. போன் செய்யாதே என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "உள்ளே ஆள் இருக்கு" என்று லாரி டிரைவர் மனைவிக்கு யார் சொன்னது?

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேதி வந்தது. ரொம்பச் சீக்கிரமே வந்தது. மாசக்கணக்காகக் காத்திருக்கிற அம்மாக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நானும் அண்ணி மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடியும் விடிகிறதற்கு முன்னால் பஸ் ஏறினோம். மறுபடியும் பட்டினி. மறுபடியும் எல்லாக் குழந்தைகளும் உள்ளே போனார்கள். கடைசியில் நாங்கள் மட்டும் வெளியே. "அவசரமா ஒரு பச்சைக் குழந்தை வந்திடுச்சு" என்றார்கள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

எனக்குத் தேதி மட்டும் சீக்கிரம் வருகிறது, ஆபரேஷன் வருவதில்லை. இது என்ன கணக்கு என்று யோசித்தேன். நான் சட்டைக் காலர் தைக்கிறவள், பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு தடவை நூல் அறுந்தால் மெஷினைத்தான் பார்க்கணும் என்று எனக்குத் தெரியும். வார்டில் பெருக்குகிற ஆயாவிடம் கேட்டேன். "எங்க பாப்பா வரிசையில எத்தனாவது?" "கடைசிம்மா" என்றாள். "போன தடவை?" "போன தடவையும் கடைசிதான்" என்றாள்.

கடைசியில் போடுவது யார் அண்ணி?

உங்களுக்கு என்மேல் ஏதாவது இருந்தால் என்மேல் காட்டுங்கள். என்னவாக இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது மண்டையைக் குடைந்துகொண்டே வந்தேன். போன வருஷம் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது வாலு வாஷிங் மெஷின் கதவைப் பிய்த்துவிட்டாள். "பரவாயில்லை" என்றீர்கள். அந்தப் பரவாயில்லை எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை. இவர் சொல்கிறார், "ஒரு கதவுக்காகவா ஒருத்தங்க இப்படிப் பண்ணுவாங்க?" என்று. இவருக்கு உலகம் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், நான்தான் சொன்னேன். "எங்க அண்ணிதான் இங்க தேதி போடுறாங்க" என்று முதல் தேதிக்கு முந்தின வாரம் பரிசோதனைக்கு வந்தபோது நடையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். பெருமையாக இருந்தது, சொன்னேன். அதிலே என்ன குற்றம்? இப்போது அந்த நாலு பேர் முகத்திலும் விழிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள் வாலு. தூங்கும்போதுகூட வேர்க்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.


மார்ச் 29

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப் போடலாம் என்றிருந்தது.

நீ பெருமையாகச் சொன்னதை நாலு பேர் கேட்டார்கள் இல்லையா? அதில் ஒருவர் நேராக எங்கள் மேற்பார்வையாளரிடம் போய், "இங்க வேலை பார்க்கிறவங்க சொந்தக்காரங்களுக்குத்தான் முதல்ல தேதியா?" என்று கேட்டுவிட்டார். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவர் நிலையில் யாராக இருந்தாலும் கேட்பார்கள். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். ஆமாம், என் வீட்டுக்காரரின் தங்கை குழந்தை என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? அன்றைக்கே வாலுவின் ஃபைலை என்னிடமிருந்து எடுத்துப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் அதைத் தொடக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள் உங்களோடு பேசக் கூடாது. நடையில் நீ பார்த்தது அதற்கு மறுநாள். பின்னாலேயே மேற்பார்வையாளர் வந்துகொண்டிருந்தார்.

இதை நான் முதலிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடமே போய்ச் சண்டை போடுவாய் என்று பயந்தேன். உன்னை எனக்குத் தெரியும்.

முதல் தடவை கேஸ் இழுத்ததும் நிஜம், இரண்டாம் தடவை பச்சைக் குழந்தை வந்ததும் நிஜம். யாரும் உனக்குக் கதை சொல்லவில்லை. ஆனால் கடைசி என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அறையில் எது இழுத்தாலும், எது அவசரமாக வந்தாலும், வீட்டுக்குத் திரும்புவது அன்றைய கடைசிக் குழந்தைதான். எந்தக் குழந்தையும் தொடர்ந்து கடைசியாக இருக்கக் கூடாது. ஒரு தடவை திரும்பிப் போனால் அடுத்த தடவை முன்னால் வர வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்வோம். நான் அப்படித்தான் செய்வேன்.

விசாரிக்கலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. விசாரித்தால் ஃபைலில் கை வைத்தேன் என்பார்கள்.

வாஷிங் மெஷின் கதவு ஏற்கெனவே பிய்ந்துதான் இருந்தது. உன் அண்ணன் கைங்கரியம். பரவாயில்லை என்று நான் சொன்னது அதனால்தான். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் நீ?

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணிக்கு,

மூன்றாம் தடவையும் திரும்பி வந்துவிட்டோம். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்க வைக்கிற தீவிரக் கவனிப்பு அறையில் கட்டில் காலியில்லையாம். ஆயாவைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாங்கள்தான் கடைசி.

இந்தத் தடவை வாலு தண்ணீர் கேட்கவில்லை. அழவும் இல்லை. "இன்னிக்கும் இல்லைல்ல?" என்று அவளே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்புவதற்கு முன்னால் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். "அழுத்தம் கூடியிருக்கு. இனிமே தள்ளக் கூடாது" என்றார். "நாங்களா சார் தள்ளுறோம்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் எழுதியதை நம்பவா வேண்டாமா என்று இத்தனை நாளாக மனசு போட்டு அலைக்கழிக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். நீங்கள் வரக் கூடாது என்று சொன்ன ஜன்னலுக்குப் போனேன். போகத்தான் செய்வேன். நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உங்க குழந்தையை நான் மறக்கலைம்மா. சீக்கிரம் அடுத்த தேதி குடுத்துடறேன்" என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளில் அந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். முன்பின் தெரியாத மனுஷர் எதற்கு எழுந்து நிற்கிறார்? நீங்களும் அவரும் சேர்ந்து என்ன செய்கிறீர்கள்?

தப்பாக எழுதுகிறேன் என்றால் தப்பு என்று நிரூபியுங்கள். எனக்கு வேறு யாரையும் தெரியாது. சண்டை போடக்கூட உங்களைத் தவிர ஆள் இல்லை.


மே 4

சின்னவளுக்கு,

விசாரித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் பக்கத்து மேஜைக்காரர் எதிரே போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் குழந்தையை ஏன் மூணு தடவையும் கடைசில போட்டீங்க?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"உங்களுக்காகத்தான்க்கா" என்றார். "தேதியை மட்டும் சீக்கிரம் சீக்கிரமா குடுத்துட்டேன். வரிசையில கடைசில வெச்சேன். யாராவது வந்து கேட்டா, பாருங்க, சொந்தக்காரங்களைக் கடைசிலதான் வெச்சிருக்கோம்னு காட்டலாம்ல? உங்க பேருக்கு ஒரு சொல் வரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணினேன்க்கா."

எனக்கு எதிரே உட்கார்ந்து, என் டீக்குச் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே இதைச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அந்த டீயை அவர் மேல் ஊற்றியிருப்பேன். கடைசிக் குழந்தைதான் திரும்பிப் போகும் என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்கிறாயா? தெரியும். "ஒவ்வொரு தடவையும் அப்படி ஆகும்னு நினைக்கலைக்கா" என்றார்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த வாரத்து வரிசையை எழுத உட்கார்ந்தேன். நான் எழுதினாலும் கடைசியில் ஒரு குழந்தையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பத்து வருஷமாகப் போட்டிருக்கிறேன், கை கூசியதில்லை. அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு என் விலாசம் தெரியாது, அதனால் எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டரும் அங்கே இருந்தார். ஃபைலைத் தொடவில்லை, எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "இந்தக் குழந்தையை முன்னாடி போடுங்கன்னு நான் கேக்கலை. நான்னு ஒருத்தி இல்லைன்னா அவ எங்க இருப்பாளோ அங்க போடுங்க" என்றேன். பெரிய டாக்டர் கடைசிப் பரிசோதனைத் தாளைப் படித்தார். "இவ காலையில முதல் கேஸா வரவேண்டியவ ஆச்சே. யார் இவளைக் கடைசில வெச்சது?" என்றார்.

மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்த மேஜையில இருக்கிற வரைக்கும், முன்னாடி போட்டாலும் பேசுவாங்க, பின்னாடி போட்டாலும் பேசுவாங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான். "அப்ப நான் இங்க இருக்கலை" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குத் துணிக்கிடங்கில் வேலை. கீழ்த்தளத்தில், லாண்டரிக்குப் பக்கத்தில். படுக்கை விரிப்பு, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி, தலையணை உறை எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் உளறி வைக்காதே.

இதை உனக்காகச் செய்தேன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டாம். உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குழந்தை "அத்தை" என்று கூப்பிட்டபோது திரும்பாமல் போனேனே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 23

அண்ணிக்கு,

முடிந்துவிட்டது. காலையில் முதல் ஆளாகக் கூட்டிப் போனார்கள். கதவு மூடியதும் இவர் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழவில்லை, அழுதால் யாராவது வந்து "இன்னிக்கு இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மத்தியானம் டாக்டர் வந்து, "ஓட்டையை மூடியாச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்றார். அப்போதுதான் நானும் இவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

நேற்று நடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். நடுவில் உட்காரவில்லை. மூச்சு வாங்கவில்லை. நெஞ்சில் போட்ட கட்டைப் பிய்க்கப் போய் நர்ஸிடம் திட்டு வாங்கினாள். பழைய வாலு திரும்பி வந்துவிட்டாள். உங்களிடம் காட்ட வேண்டும் என்றிருந்தது. கீழ்த்தளத்துக்குப் போகலாமா என்று இரண்டு தடவை லிஃப்ட் வரைக்கும் போனேன். போகவில்லை. என் வாயால் உங்களுக்கு இனியும் ஒரு கேடு வர வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் பரவாயில்லை என்பீர்கள், எனக்கு அது வேண்டாம். கோபமாகவே இருங்கள், நான் நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். அண்ணனிடம் நான் எதையும் உளறவில்லை. அவருக்கே எப்படியோ தெரிந்திருக்கிறது. போன் செய்து, "உங்க அண்ணி வீட்ல ஒரு தலையணை உறையைக்கூட இப்ப மடிக்க மாட்டேங்கிறா" என்றார். சிரித்தேன். வைத்த பிறகு அழுதேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

வாலுவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். ஒரு பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. காலையிலிருந்து பட்டினி போட்டு வைத்து, இன்றைக்கு இல்லை என்று அப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவன் பால் குடிக்கிற வேகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுதானே காலையில முதல்ல போனது?" என்றாள். ஆமாம் என்றேன். "போன தடவையெல்லாம் உங்க பேரு கடைசிலதான் இருந்துச்சுன்னு ஆயா சொன்னாங்க. உள்ள யாரு உங்களுக்கு?"

"யாரும் இல்லைங்க" என்றேன். நீங்கள் இப்போது அந்த மேஜையில் இல்லையே, அதனால் அது பொய்யும் இல்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். கடைசிக் குழந்தைதான் திரும்பும், அடுத்த தேதி சொல்லும்போதே வரிசையில் எத்தனாவது என்று கேளுங்கள், கடைசி என்றால் விடாதீர்கள், பெரிய டாக்டரைப் பார்க்காமல் நகராதீர்கள் என்றேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லாமலா இவ்வளவும் தெரியுது?" என்றாள்.

பையனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? வாலு எப்போதும்போலக் கடைசியில் இருந்திருந்தால், அன்று அவள் பையனுக்கு முடிந்திருக்கும். அதை மட்டும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.